ஏழு ஐசியும் ஒரே நாளில் போகாது: ஹோம் தியேட்டரை வீட்டிலேயே பார்க்கும் முறை

2019 மே மாதம், ஒரு மத்தியானம். அப்பா பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். செட் இரண்டு முறை 'டப் டப்' என்று அடித்துவிட்டு நின்றுபோனது. அவர் உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டு எனக்கு போன் செய்தார். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் பாடுச்சும்மா" என்று சொன்ன குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில், 2012ல், அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்த 5.1 ஹோம் தியேட்டர் செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர்). உள்ளூரில் ஒரு கடையில் சொல்லிச் செய்த அசெம்பிள் செட் அது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த அண்ணாச்சி திறந்து பார்த்துவிட்டு, "ஏழு ஐசியும் போயிட்டு, போர்டையே மாத்தணும், அதுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்றார். நான் ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவள், பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அவர் சொன்னதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. ஐசி என்பது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் சில்லு. தனித்தனியாக வேலை செய்யும் ஏழு ஐசி எப்படி ஒரே நிமிடத்தில் போகும்? ஏழுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும். செட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஏழுக்கும் பொதுவானது பவர் சப்ளை. அதன் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஐசிக்கு வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பிளஸ் பக்கம் 16 வோல்ட் வந்தது. மைனஸ் பக்கம் ஒன்றுமில்லை. ஏசி கரண்டை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் மைனஸ் காலைச் சுற்றி, ஈயத்தில் முடி கனத்துக்கு ஒரு வட்டக் கீறல். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தேன். செட் பாடியது. இன்றும் பாடுகிறது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு என்று நிறைய செட் பார்த்துவிட்டேன். எதை எடுத்தாலும் முதல் கேள்வி அதேதான்: எது எது நின்றுபோனது, அவற்றுக்குள் எது பொது? எல்லாச் சேனலும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் ஒலிப் பாதை) ஊமையா, பொதுவான இடத்தைப் பாருங்கள்: பவர் சப்ளை, வால்யூம், இன்புட் செலக்டர். ஒரே ஒரு சேனல் ஊமையா, அந்தச் சேனலுக்கு மட்டும் சொந்தமானதைப் பாருங்கள்: ஸ்பீக்கர், அதன் ஒயர், அதன் ஐசி. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

திறப்பதற்கு முன்

வலது ஸ்பீக்கர் பாடவில்லை என்றால், பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். ஊமை ஸ்பீக்கர் இப்போது பாடினால் ஸ்பீக்கர் நல்லது, ஆம்ப்ளிஃபையர் பக்கம்தான் கோளாறு. மாற்றியும் அதே ஸ்பீக்கர் ஊமை என்றால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ போயிருக்கிறது. செட்டை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஓடும்போது பிடுங்கிச் செருகினால் ஒயர் நுனிகள் உரசி, நல்ல சேனலும் போய்விடும்.

ஸ்பீக்கரைத் தனியாகச் சோதிக்க ஒரு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி செல் போதும். இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் 'டக்' என்று சத்தம் வரும். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் கோன் முன்னால் வர வேண்டும். பின்னால் போனால் ஒயர் தலைகீழாக இருக்கிறது. பாஸ் மெலிந்து கேட்பதாகச் சொல்லும் பல வீடுகளில் கோளாறு அவ்வளவுதான். மீட்டரில் ஓம் பார்த்தால் 4 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 3.2லிருந்து 3.7 வரை காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும். அதில் எழுதியிருக்கும் எண்ணைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு. ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், அறுந்துவிட்டது.

பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் பாடவில்லை, முன்னால் மட்டும் கேட்கிறது என்று நிறையப் பேர் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அது கோளாறே அல்ல. அசெம்பிள் செட்டின் பின்புறம் ஆறு துளை இருக்கும். பழைய டிவிடி பிளேயர் ஆறுக்கும் தனித்தனியாக ஒலி கொடுத்தது. இப்போது செட்டாப் பாக்ஸிலிருந்து வருவது இரண்டே ஒயர். இரண்டு துளைக்கு ஒலி வந்தால் இரண்டு ஸ்பீக்கர்தான் பாடும். முன்பக்கம் 2.1, 5.1 என்று மாற்றும் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள், அந்த இரண்டையே எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும்.

புது டிவியில் ஆப்டிகல் ஒயர் மாட்டியும் சத்தம் இல்லையென்றால் ஒயர் முனையைப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் வந்தால் ஒயர் நல்லது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். டிவி அனுப்பும் டால்பி வகை பழைய செட்டுக்குப் புரியாமல் போவதால் வரும் ஊமை இது. ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ஹோம் தியேட்டருக்கு அனுப்பும் இணைப்பு) வழியாக வரும் சத்தம் திடீரென்று நின்றால், டிவி, ஹோம் தியேட்டர் இரண்டையும் சுவர் ஸ்விட்சிலேயே அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. இரண்டும் ஒன்றையொன்று மறந்து புதிதாக அறிமுகமாக வேண்டும். ஒயர் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லையா? போன் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். நுனியில் ஊதா வெளிச்சம் மினுக்கினால் ரிமோட் நல்லது. பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். சில போன்களின் பின் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும்.

கம்பெனி ரிசீவர் 'டிக்' என்ற சத்தத்தோடு உடனே அணைந்து, திரையில் 'புரொடெக்ட்' என்று காட்டினால் பயப்பட வேண்டாம். எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நின்று ஓடினால், அணைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது அணைகிறதோ அங்கே ஒயரின் ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரே இல்லாமலும் அணைந்தால் கோளாறு உள்ளே.

திறக்கும்போது

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்காமல் மூடியைக் கழற்றக் கூடாது. பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும். 100 ஓம், 5 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களை இன்சுலேஷன் டேப் சுற்றிப் பிடித்து, பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் (சப்ளையின் நடுவில் இருக்கும் பூஜ்ய வோல்ட் முனை) குறுக்கே ஐந்து நொடி, மைனஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே ஐந்து நொடி வையுங்கள். பிறகு மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் 'பட்' என்று ஷார்ட் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கெபாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல.

உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதற்குப் பிறகு வரும் வோல்டேஜ் குறைவு, பொறுமையாக வேலை செய்யலாம். கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை நேராக டிசியாக்கி இறக்கும் பவர் சப்ளை) போர்டு இருந்தால், அதன் முதல் கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். முறையாகப் படிக்காதவர்கள் அந்தப் போர்டில் கை வைக்க வேண்டாம். அதே அளவில் புது எஸ்எம்பிஎஸ் கிடைத்தால் முழுதாக மாற்றுவதே சரி.

அடுத்து, சீரிஸ் போர்டு. ஒரு பல்பு ஹோல்டரை ஃபேஸ் லைனில் (கரண்ட் வரும் ஒயரில்) தொடராக இணைத்து, அதில் 100 வாட் குண்டு பல்பு போட்டு, அதன் வழியாக செட்டுக்குக் கரண்ட் கொடுப்பது. செட் நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கிவிடும். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரியும், செட்டில் எதுவும் கருகாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும். கண்ணில் பட்டால் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் முதல் முறை சீரிஸ் பல்பு வழியாகத்தான் ஆன் செய்வேன். பல்பு மங்கிய பிறகே நேர் இணைப்பு.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஒரு வீட்டில் ஃபியூஸுக்குப் பதில் செம்பு இழையைச் சுற்றியிருந்தார்கள். அடுத்த ஷார்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. பத்து ரூபாய் ஃபியூஸ் காப்பாற்றியிருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் அது.

மூடியைத் திறந்ததும் மீட்டரை எடுக்காதீர்கள். டார்ச் அடித்து ஐந்து நிமிடம் வெறுமனே பாருங்கள், மோந்தும் பாருங்கள். எறும்புப் புற்று, செத்த பல்லி, கரப்பான் எச்சம் எல்லாம் இருக்கும். பல்லி இரண்டு டிராக்கை (போர்டில் ஓடும் செம்புக் கோடு) ஒட்டிக் கருகிக் கிடந்த செட் ஒன்று பார்த்தேன், அதை எடுத்துத் துடைத்ததே பழுதுபார்ப்பாக முடிந்தது. தலை உப்பிய கெபாசிட்டர், கருகிய ரெசிஸ்டர், பழுப்பேறிய போர்டு இவையெல்லாம் கண்ணுக்கே தெரியும். பிறகு போர்டின் அடிப்பக்கத்தைத் திருப்பி, கனமான பாகங்களின் கால்களைப் பாருங்கள்: பிரிட்ஜ், பெரிய கெபாசிட்டர், ஐசி, ஒயர் செருகும் சாக்கெட். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி, ஈயத்தில் வட்டக் கீறல் விழுவது இங்கேதான். இதைத்தான் டிரை சால்டர் என்கிறோம். 25 வாட் அயர்ன், 60/40 ஈயம், கொஞ்சம் பிளக்ஸ் போதும். பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயத்தை அப்பாமல், பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு வைத்தால் பல வருடம் நிற்கும்.

உறுமல்

சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். உறுமலும் குறைந்தால் அது இன்புட் பக்கத்திலிருந்து வருகிறது. பின்னால் செருகியிருக்கும் ஆர்சிஏ ஒயர்களை (ஒலி கொண்டுவரும் ஒயர்கள்) கழற்றுங்கள். அத்தோடு நின்றுவிட்டால் ஒயரின் மேல்வலை அறுந்திருக்கும், அல்லது செட்டாப் பாக்ஸுக்குத் தெருவிலிருந்து வரும் கேபிள் வழியாக கிரவுண்ட் லூப் (இரண்டு வழியில் கிரவுண்ட் சேர்ந்து உண்டாகும் வளையம்) உண்டாகியிருக்கும். அந்தக் கேபிளை மட்டும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைக்காதீர்கள், உயிர் போகும் வேலை அது.

வால்யூம் பூஜ்யத்திலும் உறுமினால் ஃபில்டர் கெபாசிட்டர்தான் முதல் சந்தேகம். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜைத் தாண்டியதும் 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. அதைச் சமமாக்குவது அந்தப் பெரிய கெபாசிட்டர்கள். உள்ளிருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துபோனால் அலை அப்படியே ஸ்பீக்கருக்கு வரும். தலை உப்பாமலும் காய்ந்திருக்கலாம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி எழுதியது கேட்டு வாங்குங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ். தலைகீழாக வைத்தால் வெடிக்கும்.

ஒரு சேனல் மட்டும் போனால்

அசெம்பிள் செட்களில் அதிகம் இருப்பது டிடிஏ2030 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி. ஐந்து கால். கருப்பு புரோபை முதலைக் கிளிப்பால் கிரவுண்டில் மாட்டிவிட்டு ஒரே கையால் அளங்கள். 5வது காலில் பிளஸ் 16, 3வது காலில் மைனஸ் 16 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 4வது கால் அவுட்புட், பாட்டு ஓடாதபோது அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே 10 வோல்ட், 14 வோல்ட் நின்றால், இரண்டு சப்ளையும் சரியாக இருக்கும் பட்சத்தில், ஐசி போய்விட்டது. அந்தச் சேனலில் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், வாய்ஸ் காயில் கருகிவிடும். சப்ளை ஒரு பக்கம் வராவிட்டாலும் 4வது கால் தப்பாகத்தான் காட்டும். அப்பாவின் செட்டில் ஏழு ஐசியும் போனதாகத் தோன்றியது இதனால்தான். அதனால் எப்போதும் 5, 3, அப்புறம் 4 என்ற வரிசையிலேயே அளங்கள். புரோப் வழுக்கி இரண்டு காலைத் தொட்டால் நல்ல ஐசியும் போகும். காலில் நேராகக் குத்தாமல், அதே டிராக்கில் இருக்கும் ரெசிஸ்டர் காலில் அளப்பது பத்திரம்.

புது ஐசி போடும்போது பலர் விடுவது மைக்கா, அதாவது ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் (ஐசியின் சூட்டை வாங்கும் உலோகத் தகடு) நடுவில் வைக்கும், மின்சாரம் கடத்தாத மெல்லிய தாள். இந்த ஐசியின் முதுகுத் தகடு உள்ளுக்குள் 3வது காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு, இணைந்திருக்கிறது. மைக்கா வைக்காமல் ஹீட் சிங்க்கில் முடுக்கினால் ஹீட் சிங்க் முழுவதும் மைனஸ் 16 வோல்ட் ஏறும். அது பெட்டியின் இரும்பைத் தொட்ட நிமிடம் ஷார்ட். மைக்காவின் இரு பக்கமும் மெல்லியதாக வெள்ளை பேஸ்ட், ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ். முடுக்கிய பிறகு, கரண்ட் கொடுக்கும் முன், தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மீட்டரில் பீப் வரக் கூடாது.

போட்ட ஐசி மறுபடி மறுபடி போனால் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் (நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் கொடுப்பது) 230 வோல்ட் வரும்போது சப்ளை 16 வோல்ட். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு லைன் 250ஐத் தொடும் தெருக்கள் உண்டு. அப்போது சப்ளை 18ஐ நெருங்கும், லோடு இல்லாதபோது தாண்டியும் போகும். டிடிஏ2030க்கு உச்ச வரம்பே 18 வோல்ட். 22 வோல்ட் வரை தாங்கும் டிடிஏ2030ஏ, 25 வரை தாங்கும் டிடிஏ2050 இரண்டுக்கும் கால் வரிசை அதேதான், அப்படியே மாட்டலாம். போலி ஐசி நிறைய உலவுவதால் தெரிந்த கடையில் வாங்குங்கள். ஒரு ஸ்டெபிலைசரும் சேர்த்துப் போட்டால் செட்டுக்கு ஆயுள் கூடும்.

அரை மணி நேரம் பாடி, ஊமையாகி, ஆறியதும் மறுபடி பாடுகிறதா? ஐசி சூட்டில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் தூசியில் சிக்கி நின்றிருக்கும். அல்லது செட்டைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்திருப்பீர்கள். வெளியே எடுத்து வையுங்கள்.

யூஎஸ்பி பேனல் அடிக்கடி தானே அணைந்து எழுந்தால் அதற்கு 5 வோல்ட் கொடுக்கும் 7805 ரெகுலேட்டரைப் பாருங்கள். 16 வோல்ட்டை 5 ஆக இறக்கி, மிச்சத்தை எல்லாம் சூடாக வெளியேற்றுகிறது அது. ஒரு சின்ன அலுமினியத் தகடு முடுக்கினால் சரியாகிவிடும். பென் டிரைவ் படிக்கவில்லை என்றால் அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வால்யூம் திருகும்போது மட்டும் கரகரத்தால் அழுக்கு. கான்டாக்ட் கிளீனரோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ இரண்டு சொட்டு விட்டு, செட்டை அணைத்த நிலையிலேயே இருபது முறை திருகி, காயவிட்டு ஆன் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், ஒரு வாரம் இதமாக இருந்து தூசியைப் பசையாக்கிவிடும்.

ஸ்பீக்கர் ஓரம் உதிர்ந்தால்

சப் ஊஃபர் 'படபட' என்று அடித்தால் முன்வலையைக் கழற்றிப் பாருங்கள். கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் தொட்டாலே பொடியாக உதிரும். காயில் நன்றாக இருந்தால் ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு கட்டை விரலால் கோனைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் இல்லையென்றால் வளையம் மட்டும் மாற்றினால் போதும். வெளி விட்டம், உள் விட்டம், கோனின் விட்டம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு ரீகோன் செய்யும் (ஸ்பீக்கர் கோனைப் புதுப்பிக்கும்) கடையில் கேளுங்கள். பழைய ஃபோமையும் பசையையும் முழுதாகச் சுரண்டி எடுப்பதில்தான் நேரம் போகும், எனக்கு ஒரு எட்டு அங்குல ஊஃபருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் கோனோடு வளையத்தை ஒட்டி ஒரு இரவு காயவிடுங்கள். மறுநாள் வெளி ஓரத்தை ஒட்டும்போது, பசை இறுகும் முன், கோனை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கமும் உரசாத இடத்தில் நிறுத்துங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசை இதற்கு நல்லது. மெதுவாக இறுகுவதால் சரிசெய்ய நேரம் கொடுக்கும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஆர்சிஏ துளைகளும் ஸ்பீக்கர் கிளிப்களும் பச்சை பூக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஒயரையும் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து மாட்டுங்கள். ஸ்பீக்கர் ஒயரின் கறுத்த நுனியை ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியச் சீவுங்கள். மழைக்காலத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் செட்டை ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டும். இடி இடித்தால் ஸ்விட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கையும் செட்டாப் பாக்ஸ் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

வேலை முடிந்து மூடும் முன் ஒரு சின்னக் காகிதத்தில் தேதி, மாற்றிய பாகம், பிளஸ், மைனஸ் சப்ளை எவ்வளவு வந்தது, ஒவ்வொரு 4வது காலிலும் என்ன காட்டியது என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த முறை அளக்கும்போது எது மாறியிருக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லும். அப்பாவின் செட்டில் இப்போது நான்கு வரி இருக்கிறது. முதல் வரி என் கையெழுத்து: '2019 மே, பிரிட்ஜ் மைனஸ் கால், ஈயம்.' நான்காவது வரி, போன தைப்பொங்கலுக்கு முன்னால், அப்பா தானே வால்யூமைத் துடைத்துவிட்டு எழுதியது.